சிறுவர் கையில் தூண்டில்



பாடசாலை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் எமது அலுவலகத்துக்கு ஒரே விதமான கடிதங்கள் வருவதுண்டு. மறைப்பாடசாலைச் சிறுவரை இம்முறை எங்கே கூட்டிச் செல்லலாம் என்பதே கேள்வி. மடுத்திருப்பதி என்றோ, கசூரினாக் கடற்கரை என்றோ ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். இம்முறை வந்த கடிதம் அப்படிப்பட்டதன்று. கரையோரப் பங்கொன்றின் மறையாசிரியை ஒருவர், ஆறு வயது முதல் பத்து வயது வரையான இருபது பிள்ளைகளைக் கடனீரேரிக் கரைக்கு அழைத்துச் சென்று, ஒரு காலைப்பொழுது தூண்டில் போடப் பழக்க விரும்புகிறார். பெற்றோரில் பாதிப்பேர் சம்மதம். மீதிப்பேர் வேண்டாம் என்கிறார்கள். பங்குச் சபையிலோ, கடலோடு விளையாட்டு எதற்கு என்று ஒரு பெரியவர் பேச்சை முடித்துவிட்டாராம்.

நான் "போகலாம்" என்றே பதில் எழுதினேன். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் நான்கு பக்கங்கள் எழுத வேண்டியதாயிற்று. அவற்றை எல்லோருக்கும் பயன்படும்படி இங்கே தருகின்றேன்.

வேண்டாம் என்று சொன்ன பெற்றோரைக் கோழைகள் என்று நாம் எண்ணிவிடலாகாது. இன்று சிறு பிள்ளைகளுக்குத் தாய் தந்தையராக இருப்போரில் பலர், தங்கள் சொந்தக் கடலை அறியாமல் வளர்ந்தவர்கள். யுத்த காலத்தில் கடற்றொழிலுக்குத் தடை. கரைகள் பல உயர் பாதுகாப்பு வலயங்கள். 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வில் ஊரே எழுந்து நடந்தது. அதன்பின் 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை கடல் வீட்டுக்குள்ளே வந்தது. முல்லைத்தீவிலும் வடமராட்சி கிழக்கிலும் பிள்ளையை இழந்த ஒரு தாயிடம் போய், அலை அழகானது என்று எவர் சொல்லத் துணிவார்? முன்னாளில் பாட்டன் பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு கரையில் நின்று சொல்லிக் கொடுத்தவை ஒரு தலைமுறையில் அறுந்துபோயின. எங்கே சேறு புதையும், எந்த மீனின் முள் கடுக்கும், எந்தக் காற்றுக்கு எழுந்து வீடு திரும்ப வேண்டும் என்பன அவை. கடலைத் தெரியாத பிள்ளை கடலுக்குப் போகாமலே இருந்துவிடுவதில்லை. பதினைந்து வயதில், எவருக்கும் சொல்லாமல், தன்னைப் போலவே தெரியாத நண்பர்களோடு போகும். ஆகவேதான் சிறுவயதிலேயே, நம் கண்முன்னே, முறையாகப் பழக்குவது மேல் என்று கருதுகின்றேன்.

அன்றியும் நாம் வாசிக்கும் நற்செய்தி மீன்வாசம் வீசும் நற்செய்தி. யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தை மறைக்கல்வி வகுப்பில் எத்தனையோ முறை படித்திருப்போம். இரவெல்லாம் வெறும் வலை, விடியற்காலையில் 153 பெரிய மீன்கள், கரையில் கரி நெருப்பு, அதன்மேல் மீன். அதைத் தூண்டில் பிடித்த பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள். ஒன்றும் படாமல் இரண்டு மணி நேரம் கரையில் குந்தியிருந்த பிள்ளைக்கு, வெறும் வலையோடு திரும்பிய பேதுருவின் மனநிலையை விளக்க வேண்டியதில்லை.

இனி விவேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சில நல்ல பக்தர்கள், "காவல் சம்மனசு பார்த்துக்கொள்ளும் சுவாமி" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். காவல் சம்மனசில் எனக்கும் விசுவாசம் உண்டு. ஆனால் வானதூதர் தாங்குவார்கள் என்ற வேதவாக்கைக் கோவில் உச்சியில் நின்று எடுத்துச் சொன்னவன் யார் என்பதையும் நினைவில் வையுங்கள். அவன் சோதிப்பவன். செய்யவேண்டிய ஆயத்தத்தைச் செய்யாது விட்டு இறைவனை நம்புவதாகச் சொல்வது, இறைவனைச் சோதிப்பதேயன்றி விசுவாசமாகாது. புனித தோமஸ் அக்குவினாஸ் விவேகம் என்னும் புண்ணியத்தை ஆராய்கையில் அதன் உறுப்புகளாக எட்டைச் சொல்கிறார். அவற்றுள் நினைவு, பிறரிடம் பணிந்து கற்றல், முன்னோக்கு, சுற்றுநோக்கு, எச்சரிக்கை ஆகியவை அடங்கும். குருமடத்தில் பரீட்சைக்காக இவற்றை மனனம் செய்தேன். அவற்றின் பொருள் விளங்கியது ஒரு கடற்கரையில்.

2014ஆம் ஆண்டு, குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நான், முப்பத்தொரு சிறுவரையும் நான்கு பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு ஒரு கரைக்குப் போனேன். பெயர்ப்பட்டியல் என் சட்டைப் பையில். பாட்டு, விளையாட்டு, தூண்டில், எல்லாம் மகிழ்ச்சியாக நடந்தன. திரும்பும் நேரம் எண்ணினேன், முப்பது. மீண்டும் எண்ணினேன், முப்பது. அடுத்த ஏழெட்டு நிமிடங்களை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. அந்தப் பையன் கவிழ்த்து வைத்திருந்த வள்ளமொன்றின் நிழலில், தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு நித்திரையாயிருந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு வந்தவர், வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு வயோதிபர். அவர் என்னைக் கடிந்து கொள்ளவில்லை. "சுவாமி, பிள்ளையளைப் போகேக்கை எண்ணிப் பிரியோசனமில்லை. இருக்கேக்கை எண்ணவேணும்" என்றார். அதற்குப்பின் நான் எந்தப் பிள்ளைகளோடு எங்கே போனாலும் கால்மணிக்கு ஒருமுறை எண்ணுகிறேன். விசில் ஊதினால் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் தம் சோடியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். யேசு தம் சீடரை இருவர் இருவராக அனுப்பியது போல, பிள்ளைகளையும் இருவர் இருவராகப் பிரித்து விடுங்கள். தனிப் பிள்ளை மறைந்தால் நமக்குத் தெரிய நேரமாகும். சோடிப் பிள்ளை உடனே சத்தம் போடும்.

இடத்தைத் தெரிவு செய்வதிலேயே பாதிப் பாதுகாப்பு இருக்கின்றது. ஒரு நாள் முன்னதாக, அதே நேரத்தில், நீங்களே போய் நின்று பாருங்கள். யாழ்ப்பாணக் கடனீரேரியின் பெரும்பகுதி ஆழம் குறைந்தது. முழங்காலளவு நீரில் வெகுதூரம் நடக்கலாம். அதுவேதான் ஏமாற்றும். வள்ளங்கள் போய்வருவதற்காக வெட்டிய வான் குறுக்கே வரும் இடத்தில், ஓர் அடி எடுத்து வைத்தால் பெரியவருக்கே நிலைக்காது. வான் எங்கே ஓடுகிறது என்பதை ஊர்த் தொழிலாளியிடம் கேட்டு, அதற்கு எட்டத்தில் இடம் பாருங்கள். இறங்குதுறையின் விளிம்பு பாசி பிடித்து வழுக்கும், கீழே ஆழம், சிறுவருக்கு அது ஏற்றதன்று. மெல்லச் சரியும் மணற்கரை, அருகில் ஒரு மரநிழல், வாகனம் கிட்டவரும் பாதை, இவை மூன்றும் இருந்தால் போதும். வாடைக் காலத்தில் திறந்த பெருங்கடற் கரைகளை நினைக்கவே வேண்டாம். அமைதியாகத் தோன்றும் நாளிலும் அங்கே கரையிலிருந்து வெளியே இழுக்கும் நீரோட்டம் இருக்கக்கூடும்.

வன்னியில் வாழும் வாசகர்கள் குளக்கட்டை நினைப்பார்கள். குளத்தில் தூண்டில் இலகுவானது. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்து விடப்பட்ட திலாப்பியா இன்று ஏறக்குறைய எல்லாக் குளங்களிலும் உண்டு, பாண் துண்டுக்கே வந்து படும். ஆனால் நம் குளங்கள் பலவற்றில் முதலை உண்டு. மட்டக்களப்பு வாவியிலும் உண்டு. நீர்விளிம்பில் குந்தியிருக்கும் சிறு பிள்ளை முதலைக்கு ஒரு நாய்க்குட்டியின் அளவுதான். முதலை கண்டதாக ஊரவர் சொல்லும் குளத்துக்குப் போகாதீர்கள். துருசுக்கு அருகில் எந்தப் பிள்ளையும் நிற்கலாகாது. நீர் திறந்திருக்கையில் அதன் இழுவை மேலே தெரியாது. பெருமழை வெள்ளத்துக்குப் பிந்திய வாரங்களில் வயலோர நீர்நிலைகளையும் தவிர்த்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனதை மறந்திருக்க மாட்டீர்கள். காலில் ஒரு சிறு கீறல் இருந்தாலே அந்தக் கிருமிக்கு வாசல் திறந்ததுதான்.

அடுத்து, பணிந்து கற்றல். மறையாசிரியர் எவ்வளவு கெட்டிக்காரராயினும், கடலோடு பழகிய ஒருவர் இல்லாமல் போக வேண்டாம். குருநகரிலோ பாசையூரிலோ நாவாந்துறையிலோ பேசாலையிலோ, எந்தக் கரையாயினும், பொறுமையுள்ள வயது முதிர்ந்த ஒரு தொழிலாளியை அழையுங்கள். அவரே அன்றைய ஆசிரியர், நீங்கள் துணை. பிள்ளைகள் அவரை "அப்பு" என்றே கூப்பிடட்டும். அவர் "இண்டைக்கு வேண்டாம்" என்றால், வாகனம் பேசியாயிற்று, சாப்பாடு கட்டியாயிற்று என்று வாதாடாதீர்கள். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவர் ஒரு காலைத் தொழிலை விட்டு வருகிறார். அந்த இழப்புக்கு உரிய பணத்தை ஒரு கடிதவுறையில் போட்டுக் கொடுப்பது தருமமன்று, நீதி. பங்குக் காரியம் என்றால் கடற்றொழிலாளியின் உழைப்பு இலவசம் என்று எண்ணும் பழக்கம் நம்மிடையே உண்டு. அது எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை.

பெரியவர்கள் எத்தனை பேர் வேண்டும் என்று அந்த ஆசிரியை கேட்டிருந்தார். நான் கைக்கொள்ளும் கணக்கு இது: ஏழு வயதுக்குக் குறைந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர், பத்து வயது வரை மூன்று பிள்ளைகளுக்கு ஒருவர். இவர்களுக்குப் புறம்பாக இன்னும் இருவர். அவர்களுக்குத் தூண்டிலும் இல்லை, தேநீர்ப் போத்தலும் இல்லை, கைத்தொலைபேசியும் இல்லை. நீரையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டிருப்பதே வேலை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருவரும் மாறிக்கொள்ளட்டும். எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற நினைப்பில் எவருமே பாராதிருப்பதுதான் இத்தகைய பயணங்களில் நேரும் பெரும் ஆபத்து. மேலும், எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியே ஒதுங்கிப் போகலாகாது. மலசலகூடத்துக்குப் போகும் சிறுமிகளோடு ஆசிரியையோ அருட்சகோதரியோ போகட்டும், அதுவும் இரண்டு பிள்ளைகளாக. இது குருவானவருக்கும் பொருந்தும் என்பதைச் சொல்ல நான் கூச்சப்படவில்லை.

பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அத்தாளில் பிள்ளைக்கு வலிப்பு உண்டா, தொய்வு உண்டா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, ஏற்பு ஊசி எப்போது போட்டது, நீந்தத் தெரியுமா என்பன இருக்க வேண்டும். வலிப்புள்ள பிள்ளையை விட்டுவிட்டுப் போக வேண்டாம். மிதவை அங்கி அணிவித்து, தனக்கென ஒரு பெரியவரோடு கூட்டிச் செல்லுங்கள். உண்மையில், நீர்விளிம்பில் நிற்கும் எல்லாப் பிள்ளைகளுக்குமே மிதவை அங்கி இருப்பது நல்லது. வள்ளம் வைத்திருப்போரிடம் இரவல் கேட்கலாம். ஆனால் பெரியவரின் அங்கி சிறுவரின் தலைக்கு மேலாகக் கழன்றுவிடும். அளவானது கிடைக்காவிட்டால், தூண்டிலை நீட்டி விளிம்பிலிருந்து ஒரு பாகம் உள்ளே இருந்தே பிடிக்கட்டும். வள்ளத்தில் ஏற்றுவது முதற் பயணத்துக்கு உரியதன்று.

தூண்டிலைப் பற்றி. கடையில் விற்கும் சுருள் பொருத்திய தடிகள் இவர்களுக்கு வேண்டியதில்லை. பிள்ளையின் உயரத்துக்குச் சற்று மேற்பட்ட மெல்லிய மூங்கில் தடி, அதே நீளத் தங்கூசி, ஒரு சிறு மிதப்பு, ஒரு சின்ன ஈயம், ஒற்றை முள். தங்கூசி தடியிலும் நீளமாயிருந்தால் பக்கத்துப் பிள்ளையின் காதைப் பிடிக்கும். முள்ளின் நுனிக்குப் பின்னால் எதிர்ப்புறமாக நிற்கும் சிறு கூரை முதல்நாள் இரவே குறட்டால் நசித்துத் தட்டையாக்கிவிடுங்கள். மீன் சில தப்பும். ஆனால் விரலில் ஏறிய முள் வந்த வழியே திரும்பிவரும். கூர் நசிக்காத முள் ஆழமாக ஏறிவிட்டால், அல்லது கண்ணருகே ஏறினால், இழுக்க முயலாதீர்கள். தங்கூசியை வெட்டிவிட்டு, முள் அசையாதபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

தலைக்கு மேலாக வீசுவதை முற்றாகத் தடை செய்யுங்கள். ஊஞ்சல் ஆட்டுவது போல முன்னால் ஆட்டி விடுவதே போதும். பிள்ளைக்கும் பிள்ளைக்கும் இடையில் இரண்டு பாகம் இடைவெளி. எவரும் இன்னொருவரின் முதுகுப்பக்கமாக நடக்கலாகாது. இதை வகுப்பறையில், முள் கட்டாத தடியோடு, முந்திய ஞாயிறு ஒத்திகை பாருங்கள். ஒத்திகையில் அவர்கள் சிரித்துக் கும்மாளமடிப்பார்கள். அடிக்கட்டும், கரையில் அந்தச் சிரிப்பு முடிந்திருக்கும். இரையாக இறால் துண்டும் பிசைந்த பாணும் போதும். ஆறு வயதுப் பிள்ளைக்கு இரை குத்துவது பெரியவர் வேலை. எல்லோரும் செருப்பன்றிச் சப்பாத்து அணிந்திருக்கட்டும். கரையில் போத்தல் ஓடும் சிப்பியும் நிறைய உண்டு.

பட்ட மீனைப் பிள்ளை தொடலாகாது; அப்புவே கழற்றுவார். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஓராவின் முள்ளும் கெளிற்றின் முள்ளும் நஞ்சுள்ளவை. திருக்கையின் வாலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. குத்திவிட்டால் நம் தொழிலாளர் பலருக்கும் தெரிந்த மருந்தே நல்ல மருந்து: தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் அந்த இடத்தை அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைத்திருங்கள். சூடு அந்த நஞ்சைச் சிதைக்கும். சூட்டைப் பெரியவர் தம் கையால் பார்க்க வேண்டும். வலியில் துடிக்கும் பிள்ளைக்குச் சுடுவது தெரியாது. ஆகையால் சுடுநீர்ப் போத்தல் ஒன்றைத் தேநீருக்கென்று மட்டும் எண்ணாமல் கொண்டுபோங்கள். முள் உடைந்து உள்ளே நின்றாலோ, வலி தணியாவிட்டாலோ வைத்தியரிடம். பேத்தை பட்டால், பந்துபோல் ஊதுவதைப் பிள்ளைகள் ஒருமுறை பார்க்கட்டும். பின் கடலில் விட்டுவிடுங்கள். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது. சொறி மிதக்கும் நாளில் கால் நனைக்க விடாதீர்கள்.

இப்போது, சொல்ல மனமில்லாத, ஆனால் சொல்லியே ஆகவேண்டிய பகுதி. நீரில் மூழ்கும் பிள்ளை கூச்சலிடாது. வாய் நீர்மட்டத்துக்குக் கீழே போய்வரும்போது மூச்செடுக்கவே அதற்கு நேரம் போதாது. கையசைத்துக் கூப்பிடவும் இயலாது. நிமிர்ந்தபடி, சத்தமின்றி, ஒருசில நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்துவிடும். சத்தம் கேட்டால் ஓடலாம் என்று நிழலில் இருப்பவர் ஒன்றும் கேட்க மாட்டார். ஆகவே ஐந்து லீற்றர் பிளாஸ்ரிக் கான் ஒன்றில் கொஞ்சம் நீர் விட்டு, மூடியை இறுக்கி, பிடியில் நீண்ட கயிறு கட்டிக் கரையில் வையுங்கள். பிள்ளை விழுந்தால் முதலில் தடியை நீட்டுங்கள். எட்டாவிட்டால் கானை எறியுங்கள். நீந்தத் தெரியாத பெரியவர் பாசத்தால் பாய்ந்தால், இரண்டு சவப்பெட்டிகளுக்கு நான் செபிக்க வேண்டிவரும்.

கரைசேர்த்த பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நம் ஊர்களில் இன்னும் போகாத வழக்கம். அது தவறு, விலைமதிப்பில்லா நிமிடங்கள் அதில் வீணாகின்றன. வயிற்றிலுள்ள நீர் அல்ல, மூச்சின்மையே கொல்கிறது. மூச்சு இல்லையெனில் மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சற்றுப் பின்சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய்வைத்து நெஞ்சு எழும்படி இரண்டு முதல் ஐந்து முறை ஊதுங்கள். பின் நெஞ்சின் நடுவே, அதன் கனத்தில் மூன்றிலொரு பங்கு தாழும்படி, வேகமாக 30 தடவை அழுத்துங்கள். மீண்டும் இரண்டு மூச்சு. உதவி வரும்வரை நிறுத்தலாகாது. இன்னொருவர் அதே கணத்தில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கட்டும். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். சாரதிக்கு இடத்தைச் சொல்லத் தெரிந்த ஒருவரை முன்கூட்டியே நியமித்து வையுங்கள். பிள்ளை எழுந்து சிரித்தாலும் ஆஸ்பத்திரியில் காட்டாமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். எழுத்தில் படித்து இதைச் செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். செஞ்சிலுவைச் சங்கத்தாரையோ சென் ஜோன் அம்புலன்ஸ் படையினரையோ பங்குக்கு அழைத்து ஒரு சனிக்கிழமை பழகுங்கள். பயணத்தில் அப்படிப் பழகிய ஒருவராவது இருக்க வேண்டும்.

காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். சித்திரை விடுமுறையில் பின்னேரங்களில் இடிமுழக்கம் சாதாரணம். வெட்டவெளியில் கையில் தடியோடு நிற்பது மின்னலை அழைப்பதற்குச் சமம். இடிச்சத்தம் காதில் விழுந்தவுடன் வாகனத்துக்குள் ஏற வேண்டும், மழை தொடங்கும்வரை பார்த்திருக்கக் கூடாது. தொப்பி, தேசிக்காய்த் தண்ணீர், அவித்த கடலை. பசித்த பிள்ளை சொற்கேளாது.

அதிக மீன் பிடித்தவருக்குப் பரிசு என்று ஒருபோதும் அறிவிக்காதீர்கள். அறிவித்த கணமே பிள்ளைகள் இடம்விட்டு இடம் ஓடுவார்கள், ஆழத்துக்கு இறங்குவார்கள். விரலளவுக் குஞ்சுகளை நீருக்கே திருப்பி விடப் பழக்குங்கள். ஓரளவானவை நாலைந்து கிடைத்தால், அப்பு கரியிலே சுட்டுத் தரட்டும். ஆளுக்கு ஒரு சிறு துண்டுதான் வரும். அந்த நேரத்தில் யோவானின் அதிகாரத்தை ஒருவர் வாசிக்கலாம். நெருப்புக்கும் பிள்ளைகளுக்கும் இடையில் ஒரு பெரியவர் நிற்கட்டும்.

இவ்விதழ் அச்சுக்குப் போகும் வேளையில் அந்த ஆசிரியை மறுபடியும் எழுதியிருக்கிறார். என் கணக்குப்படி பார்த்தால், கிடைத்த பெரியவர்கள் பத்துப் பிள்ளைகளுக்கே போதுமானவர்களாம். ஆகவே பயணத்தை இரண்டு சனிக்கிழமைகளாகப் பிரித்திருக்கிறார். வேண்டாம் என்று பேச்சை முடித்த அந்தப் பெரியவர், இரண்டு நாளும் கானையும் கயிற்றையும் தாமே வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறாராம்.